அபசுரப் படையின் வித்வான்

ஜனவரி 10, சனி

உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு. தூத்துக்குடி பெற்றெடுத்த தவப்புதல்வனும், பதினேழே வயது நிரம்பியவனும், பத்து மாதப் பரிமாற்ற மாணவனாகச் சுவிட்சர்லாந்தைச் சிறப்பிக்க வந்திருப்பவனுமாகிய நெவில் மச்சாது, இன்று காலை 7.40 மணியளவில் தபால் நிலைய வாசலில் பனியில் வழுக்கி விழுந்தார். இது மூன்றாவது முறை. உயிர்ச்சேதம் இல்லை. பின்பக்கச் சேதம் உண்டு. அனுதாபம் தெரிவிக்க விரும்புவோர் அவரவர் இடத்தில் உட்கார்ந்தபடியே தெரிவிக்கலாம். என்னால்தான் உட்கார முடியாது.

நான் இருக்கும் ஊர் ஸீமாட். லூசெர்னிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். ஓர் ஏரி, ஒரு கோயில், மனிதரைவிட ஒழுங்காக வரிசையில் நிற்கும் மாடுகள். என்னை வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுபவர் வ்ரேனி. ஐம்பது வயது, தபால் துறை பஸ் ஓட்டுகிறார், தனியாக இருக்கிறார். அவர் என்னிடம் பேசுவது ஆங்கிலத்தில். அதை நான் தூத்துக்குடித் தமிழில்தான் எழுதப்போகிறேன். என் நாட்குறிப்பு, என் சட்டம்.

வந்த புதிதில், விருந்தாளியைப் பாத்திரம் கழுவவிட்டால் ஒரு வருஷத்துக்கு மழை பெய்யாது என்பது எங்கள் ஊர் ஐதீகம் என்று சொல்லிவைத்தேன். வ்ரேனி ஜன்னல் வழியே கொட்டும் மழையைப் பார்த்தார். ஸ்பாஞ்சை எடுத்து என் கையில் வைத்தார்.

“இங்க மழை கூடுதலாத்தாம்ல பெய்யுது. கழுவு.”

இன்றைக்கு உண்மையான செய்தி வேறு. வ்ரேனிதான் இந்த ஊர்த் திருவிழா பேண்டுக்குத் தலைவி. சாம்பல் புதனுக்கு முந்தைய ஆறு நாள் இங்கே தெருவெல்லாம் வேஷமும் மேளமுமாக இருக்குமாம். சாம்பல் புதன் எனக்குத் தெரியும். நெற்றியில் சாம்பல், வயிற்றில் பட்டினி. அதற்கு முன்னால் ஆறு நாள் ஆடித் தீர்க்கலாம் என்பதை எங்கள் பங்குக் கோயிலில் ஒருவரும் சொன்னதில்லை. திட்டமிட்டு மறைத்திருக்கிறார்கள்.

“ஒன் விண்ணப்பத்துல ட்ரம்பெட்டோட ஒரு போட்டோ இருந்துச்சுல்லா, அதப் பாத்துட்டுத்தான் ஒன்னியக் கேட்டு வாங்குனேன். நல்லா வாசிப்பியோ?” என்றார் வ்ரேனி.

“மாதா திருவிழாவில் லட்சம் பேர் நடுவில் வாசித்திருக்கிறேன்,” என்றேன் அடக்கமாக.

ஜனவரி 13, செவ்வாய்

முதல் ஒத்திகை, தீயணைப்பு வண்டி நிறுத்தும் கொட்டகையில். இருபத்தாறு பேர். பேண்டின் பெயரைச் சொன்னால் தொண்டையில் மீன்முள் குத்துகிறது. ஆகவே நான் பெயர் மாற்றிவிட்டேன்: அபசுரப் படை.

காரணம் உண்டு. இவர்கள் தப்பாக வாசிக்கிறார்கள். வேண்டுமென்றே! எல்லோருக்கும் தெரிந்த பாட்டை எடுத்து, அதைக் கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் நொண்டியாக, ஆனால் மகா உற்சாகமாக ஊதித் தள்ளுகிறார்கள். அதுதான் இந்தத் திருவிழாவின் மரபாம். வ்ரேனி சூப்புக் கரண்டியை ஆட்டித் தாளம் போடுகிறார். தப்பாக வாசிப்பதற்கு ஒத்திகை பார்க்கும் ஊர்! பிறந்ததிலிருந்து நான் தேடிய தேசம் இதுதான்.

எனக்கு ஒரு ட்ரம்பெட் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் வாசித்தேன். பக்கத்தில் நின்றவள் மிதுஷா. என் வகுப்புத்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கேயே பிறந்தவள், மூன்று வருஷமாக இந்தப் படையில் ட்ரம்பெட். ஒத்திகை முடிந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“உம்மட வாசிப்பு நல்ல அமைதி. பக்கத்தில நிண்ட எனக்கே கேக்கேல்ல.”

பாராட்டை மறைத்துச் சொல்வது யாழ்ப்பாணத்து வழக்கம் போலிருக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

மிதுஷா வீட்டில் பொங்கல். நான்காவது மாடி, மின்சார அடுப்பு. பால் பொங்கி வழிந்ததும் கூரையில் இருந்த புகை மணி அலறியது. குலவைக்குப் பதில் என்று சொன்னேன். அவள் அம்மா சுகந்தி ஆன்ட்டி சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னும் கொஞ்சம் போடட்டே தம்பி? வடிவாச் சாப்பிடுங்கோ,” என்று மூன்று தடவை போட்டார். நான்காம் தடவை போடும்போது ஒரு விஷயம் சொன்னார்.

திருவிழாவின் கடைசி நாள், செவ்வாய் சாயங்காலம், ஏரிக்கரையில் வைக்கோலில் செய்த குளிர்க் கிழவனைக் கொளுத்துவார்களாம். கொளுத்துவதற்கு முன் படை முழுவதும் வாயை மூடிக்கொள்ள, ஒரே ஒருவர் ஒரு பழைய பாட்டைப் பிசிறில்லாமல் வாசிக்க வேண்டும். ஆறு நாள் கோணலாகக் கேட்ட காதுக்கு நேர்கோடு எது என்று காட்டுவதற்காம். வருஷத்துக்கு ஓர் இளைஞர்.

“இந்த முறை இவவின்ர முறை. மூண்டு வருஷமாக் காத்திருந்தவ. இவவின்ர அப்பா ஜெனீவாவில ஹோட்டல் குசினியில சமைக்கிறார். இவ ஊதி அவர் ஒருக்காலும் கேக்கேல்ல, லீவு குடுக்க மாட்டினம். இந்த முறை சண்டை பிடிச்சு எடுத்துப்போட்டார்.”

“அம்மா, சும்மா இருங்கோவன்,” என்றாள் மிதுஷா. காது சிவந்திருந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

உதடு வீங்கியிருக்கிறது. கேட்டவர்களிடம் குளிர் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 24, சனி

இன்று ஒத்திகையில் வ்ரேனி கரண்டியால் தகரத்தைத் தட்டி எல்லோரையும் அமைதியாக்கினார். “இந்த வருஷம் நம்ம கூட தூரத்துலேர்ந்து ஒரு விருந்தாளி இருக்கான். லட்சம் பேர் முன்னாடி வாசிச்சவன். செவ்வாக்கெழம பாட்ட அவன் வாசிக்கட்டும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். மிதுஷாவும் தட்டினாள். அவள் எல்லோரையும்விடக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தட்டினாள். அதுதான் சரியில்லை.

நான் என்ன செய்தேன்? குனிந்து வணங்கினேன். பழக்க தோஷம்.

நாட்குறிப்பே, கதவைச் சாத்து. உன்னிடம் மட்டும் ஒன்று. அந்த ஃபோட்டோ விண்ணப்பத்துக்கு முந்தைய ஆகஸ்டில், மாதா திருவிழாவில் எடுத்தது. பேண்டுக்காரர் ஒருவர் டீ குடிக்கப் போகும்போது “எலே, இதப் பிடி, கீழ வச்சிராத” என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நான்கு நிமிடம்தான் என் இசைப் பயணம். லட்சம் பேர் இருந்தது உண்மை. ட்ரம்பெட் இருந்தது உண்மை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி, அவ்வளவுதான்.

இரண்டு வாரமாக நான் ஊதவே இல்லை. வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டில், குளியலறையில், தலையில் போர்வையைப் போட்டுக்கொண்டு முயன்றேன். வந்தது ஆட்டுக்குட்டி.

நாளைக்கே வ்ரேனியிடம் சொல்லிவிடலாம்.

ஜனவரி 25, ஞாயிறு

சொல்வதற்கு முன் அம்மா ஃபோனில் வந்துவிட்டாள். நேற்று ராத்திரி பெருமைக்கு ஒரு வரி அனுப்பியிருந்தேன். அது தப்பு.

“எல நெவிலு, நெசமாவால? சாமியார்ட்டச் சொல்லிட்டேன். பங்கு வாட்ஸாப்லயும் போட்டாச்சு. அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு எல்லாரும் நம்ம வீட்டுக்கு வாராவ, வீடியோல பாக்க. ஒங்க அப்பா நாப்பது நாற்காலிக்குச் சொல்லிட்டாவ.”

“அம்மா, அது வந்து...”

“நீ எப்பல கத்துக்கிட்ட? என்ட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா!”

நாற்பது நாற்காலிக்கு முன்னால் உண்மை எங்கே உட்காரும்? சொல்லவில்லை.

ஜனவரி 31, சனி

மிதுஷாவிடம் போய், “உன் பாணியில் அந்தப் பாட்டை ஒரு தடவை வாசித்துக் காட்டு, இரண்டு பாணியையும் ஒப்பிட வேண்டும்,” என்றேன். இதைச் சொல்லும்போது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்கே பார்க்க ஆசை.

“வித்துவான் கேக்கிறார், மாட்டன் எண்டு சொல்லலாமோ,” என்றாள்.

காலிக் கொட்டகை. தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தாள். முதல் சுரத்துக்கு முன்னால் மூக்கால் ஒரு சின்ன மூச்சு எடுத்தாள். பிறகு பாட்டு வந்தது. எனக்கு சங்கீதம் தெரியாது. ஆனால் அது முடிகிற வரைக்கும் எனக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை. இதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

“உன் அப்பா வருகிறாரா?” என்று கேட்டேன்.

“வருவார். பாட்டு எனக்கில்ல எண்டு இன்னும் சொல்லேல்ல. சொன்னா லீவைத் திருப்பிக் குடுத்திடுவார். வந்து பாக்கட்டும், படையோட சேந்து ஊதுவன்தானே.”

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. திறந்த வாயில் “உன் வாசிப்பு பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் உழைத்தால் என் அளவுக்கு வரலாம்” என்று வெளியே வந்தது. அவள் சிரித்தாள். கைபேசியில் அந்தப் பாட்டைப் பதிந்துகொண்டிருந்தேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

பிப்ரவரி 7, சனி

பயணம்! ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர் ஊர்வலத்துக்கு அபசுரப் படை ரயிலில் போனது. இந்த வருஷ வேஷம் ஏரி மீன்கள். ஒவ்வொருவருக்கும் காகிதக்கூழில் செய்த பெரிய மீன் தலை. தோள் வரைக்கும் இறங்கும், வாய் திறந்த இடத்தில் ட்ரம்பெட் வெளியே வரும். கையில் செதில் உறை. நான்கு தலைமுறையாக மீன் பிடித்த குடும்பத்துப் பிள்ளையை மீனாக்கிவிட்டார்கள். எங்கள் கடல் மீன்கள் பழி வாங்க, நான் இந்த ஏரிக்கு இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்திருக்கிறது.

பெட்டி முழுக்க மீன். டிக்கெட் பரிசோதகர் வந்தார். “மீன்களுக்குத் தண்ணீர் வழியாகப் போனால் டிக்கெட் வேண்டாமே, ஏன் ரயில்?” என்று கேட்டார். வ்ரேனி அவர் கையில் பெரிய மேளத்தின் கோலைத் திணித்தார். அடுத்த நிலையம் வரைக்கும் அவர்தான் அடித்தார். எதிரே ஒரு பெண்மணி இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே வந்தார். ஜன்னலில் ஏரி, பனி மலை, நடுவில் ஒரு கப்பல். அம்மாவுக்கு ஃபோட்டோ எடுக்கலாமென்றால் செதில் கைக்குக் கைபேசி அகப்படவில்லை.

திரும்பும்போது மிதுஷா பக்கத்தில் உட்கார்ந்தாள். “தப்பாக வாசிப்பது எவ்வளவு சுலபம்,” என்று ஆரம்பித்தேன்.

“ஆர் சொன்னது? சரி எங்க இருக்கெண்டு தெரிஞ்சாத்தான் அதில இருந்து அரை அடி தள்ளி நிக்கலாம். தெரியாம ஊதினா அது பிழை இல்ல, வெறும் சத்தம்.” பிறகு என் மீன் தலையைத் தட்டினாள். “உமக்கு அந்தப் பிரச்சினை இல்லத்தானே. சத்தமே வாறேல்ல.”

மீன் தலைக்குள் யாராலும் முகத்தைப் பார்க்க முடியாது என்பது நல்ல ஏற்பாடு.

பிப்ரவரி 12, வியாழன்

திருவிழா தொடங்கிவிட்டது. பள்ளி இல்லை. தெருவே தெரியாத அளவுக்குக் காகிதப் பொடி. சட்டைக்குள், காதுக்குள், ரொட்டிக்குள். வங்கி மேலாளர் மாட்டு வேஷத்தில் வந்து என் தொப்பியைத் தின்னப் பார்த்தார். பன்னிரண்டு பேண்டு ஒரே சதுக்கத்தில் பன்னிரண்டு பாட்டை வாசித்தது. யாருக்கும் ஆட்சேபம் இல்லை. நான்கு மணி நேரம் நடந்தோம். கால் போய்விட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை மட்டும் காலண்டரில் இல்லாமலிருந்தால்.

பிப்ரவரி 16, திங்கள்

மூளை என்றால் இதுதான் மூளை. மீன் தலைக்குள், மேல் தாடையில், உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கரை ஒட்டிவிட்டேன். கைபேசி சட்டைப்பையில். மிதுஷா வாசித்த பதிவு அதில் இருக்கிறது. மேடையேறுவதற்கு முன் அழுத்திவிட்டால் முப்பது வினாடி மௌனம், பிறகு பாட்டு. நான் ட்ரம்பெட்டை வைத்துக்கொண்டு உணர்ச்சியோடு ஆட வேண்டியதுதான்.

குளியலறையில் சோதனை செய்தேன். பிரமாதம். வெளியே வ்ரேனியின் காலடி நின்றது. பாட்டு முடிந்ததும், “சுத்தமான வாசிப்புல,” என்றார் மெதுவாக.

நன்றி என்றேன். கண்ணாடியில் இருந்த மீன் என்னையே பார்த்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

சரித்திரம் எழுதப்பட்டுவிட்டது.

சுருக்கமாகச் சொல்கிறேன். மேடையேறினேன். இரண்டு வரி வாசித்தேன். மூன்றாம் வரியில், முன்பே தீட்டிய திட்டப்படி, வாசிப்பை நிறுத்தி, ஊரையே வயிறு வலிக்கச் சிரிக்கவைத்து, உரிமையுள்ளவளுக்கு இடம் விட்டேன். மிதுஷா வாசித்தாள். அவள் அப்பா கேட்டார். குளிர்க் கிழவன் எரிந்தான். இந்த ஆறு நாளில் இதுதான் ஆகச் சிறந்த குறும்பு என்று ஆளுக்கு ஆள் முதுகில் தட்டினார்கள். தியாகச் செம்மல் நெவில் மச்சாது கையசைத்து ஏற்றுக்கொண்டார்.

விவரம் வேண்டாம். தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

தூக்கம் வரவில்லை.

காலையில் கோயிலுக்குப் போனேன். நெற்றியில் சாம்பல் பூசினார்கள். பாவசங்கீர்த்தனம் செய்யலாமென்று பார்த்தால், சாமியாருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு என் பாவங்களை ஜெர்மனில் சொல்லத் தெரியாது. ஆகவே நாட்குறிப்பே, நீ முழங்காலிடு. இல்லை, நான்தான்.

நேற்று எழுதியதில் திட்டம் என்று வருவது பொய்.

நடந்தது இது. மேடையேறினேன். பாட்டு தொடங்கியது. ஏரிக்கரை முழுக்கத் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். மீன் கண் வழியே முதல் வரிசை தெரிந்தது. சுகந்தி ஆன்ட்டி, பக்கத்தில் மழித்த முகத்தோடு, புதுக் கோட்டில் ஒருவர். மிதுஷாவின் அப்பா. அவர் என்னைப் பார்க்கவில்லை. படைக்குள் எந்த மீன் தன் மகள் என்று கழுத்தை நீட்டி நீட்டித் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது, வீடியோ ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்க அம்மா கூப்பிட்டாள்.

அம்மா கூப்பிட்டால் என் கைபேசியில் அம்மாவின் குரலே அடிக்கும். விளையாட்டாக நான் பதிந்து வைத்தது. பாட்டு அறுந்தது. மீன் வாயிலிருந்து, ஏரிக்கு அந்தக் கரை வரைக்கும்:

“எல நெவிலூ! போன எடுல! எங்கல போய்த் தொலைஞ்ச!”

செதில் கையால் சட்டைப்பைக்குள் தேடினேன். அகப்படவில்லை. மூன்று முறை அடித்தது. ஊரே என்னைப் பார்த்தது. அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நான்கு பேர்.

“ஐயோ தம்பி, அம்மா கூப்பிடுறா, எடுங்கோவன்!” என்று கத்தினார் சுகந்தி ஆன்ட்டி.

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வேண்டுமென்றே செய்த வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். நான் மீன் தலைக்குள் அழுதுகொண்டிருந்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் பின்னால் ஒரு சின்ன மூச்சுச் சத்தம். மூக்கால் எடுக்கிற மூச்சு. மிதுஷா தன் மீன் தலையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பாட்டை முதலிலிருந்து வாசித்தாள். முதல் வரிசையில் அந்தப் புதுக் கோட்டு எழுந்து நின்றது. முடிகிற வரைக்கும் உட்காரவில்லை.

இதில் என் தியாகம் எங்கே இருக்கிறது? நானும் தேடிப் பார்த்தேன்.

இன்று காலை பாத்திரம் கழுவும்போது வ்ரேனியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஃபோட்டோ, ஐந்து வாரம் ஊதாமல் நின்றது, ஸ்பீக்கர், எல்லாம். அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“திங்கக்கெழமையே தெரியும்ல. மூணு வருஷமா அந்தப் பிள்ள வாசிப்ப நாங் கேக்கேன். குளியலறைல யாரு மூச்சு விட்டான்னு எனக்குத் தெரியாதா? அப்பவே அவட்டப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒதட்டச் சூடா வச்சிரு, பாட்டு ஒனக்குத்தான்னு சொல்லிட்டு வந்தேன்.”

“அப்புறம் ஏன் என்னை மேடையேற்றினீர்கள்?”

“ஏறுறதுக்கு முன்னாடி நீயே வந்து சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசிப் படி வரைக்கும் பாத்தேன்.” அடுத்த தட்டை என்னிடம் நீட்டினார். “சொல்லாம விட்டது ஒன் தப்பு. அவட்ட ஒரு வார்த்த கேக்காம தூக்கிக் குடுத்தது என் தப்பு. ரெண்டு பேருமா கழுவுவோம்.”

அம்மாவிடமும் சொன்னேன். சுகந்தி ஆன்ட்டி எடுத்த வீடியோவை நாற்பது நாற்காலியும் பார்த்துவிட்டதாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். “நா அவ்வளவு சத்தமாவால பேசுதேன்?” என்றாள். பிறகு, “கத்துக்கிட்டா வரும்ல. எதுக்கு அழுத?” என்றாள். அழுதேன் என்று நான் சொல்லவே இல்லை.

பிப்ரவரி 21, சனி

காலையிலேயே மிதுஷா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வாசலிலேயே நிற்கவைத்தாள்.

“என்ர பாட்டைக் களவெடுத்து மீனின்ர வாய்க்குள்ள வைச்சனீர். என்ன?”

“ஆமாம்.”

“முதல் நாளே எனக்குத் தெரியும், உமக்கு ஊதத் தெரியாதெண்டு. ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்ல தெரியுமோ? ஒரு நாளைக்கெண்டாலும் ஊதிப் பாப்பீர் எண்டு நினைச்சன்.”

“பார்த்தேன். குளியலறையில். ஆட்டுக்குட்டி வந்தது.”

அவள் சிரிக்கக் கூடாது என்று முயன்றாள். முடியவில்லை. “சரி. தண்டனை. இண்டைக்கே துவங்கி ஒவ்வொரு சனியும் பத்து மணிக்குக் கொட்டகை. ட்ரம்பெட்டில வாய் வைக்கிற துண்டை மட்டும் கொண்டு வாரும். முழு ட்ரம்பெட் பிறகு பாப்பம்.” உள்ளே அவள் அப்பா இன்னும் ஜெனீவாவுக்குக் கிளம்பவில்லை. ஏதோ ஒரு பாட்டைத் தப்பாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

முதல் வகுப்பு இன்றே முடிந்தது. ஒரு மணி நேரம். கடைசி ஐந்து நிமிடம் இரக்கப்பட்டு ட்ரம்பெட்டைக் கொடுத்தாள். ஒரு சுரம் வந்தது. முழுசாக ஒன்று. எந்தச் சுரம் என்று அவளுக்கும் தெரியவில்லை, ஆனால் ஆட்டுக்குட்டி இல்லை என்று சான்றளித்தாள்.

ஆகவே, இந்த நாட்குறிப்பைப் பிற்காலத்தில் அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறவர்களுக்கு ஒரு திருத்தம். ஜனவரி 13 முதல் பிப்ரவரி 17 வரை நான் ‘வாசித்தேன்’ என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் ‘கையில் வைத்துக்கொண்டு நின்றேன்’ என்று படிக்கவும். இன்றைய ஒரு சுரத்தை மட்டும் அப்படியே விட்டுவிடவும். அதை நான்தான் ஊதினேன். இரண்டாவது ஒன்றும் வந்தது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அது வரவில்லை.